புதுசா வில் வேட்டைக்கு போறவன் எவ்வளவு தூரத்துல அம்பு விடலாம்?

கருங்கல்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்க வீடு கருங்கல் பக்கம், வேலை டெக்சாஸ்ல சான் அன்டோனியோ, இப்பம் லீவுக்கு ஊருல நிக்கேன். கூட வேலை பாக்குற ஒருத்தருக்கு ஹில் கன்ட்ரிங்கற மலைப்பகுதியில ராஞ்ச் (பெரிய பண்ணை) உண்டு, அங்க ஆக்சிஸ் மான் கூட்டம் கூட்டமா மேயுது, ஆக்சிஸ்ன்னா நம்ம புள்ளிமான்தான், 1932ல டெக்சாஸ்ல கொண்டுபோய் விட்டது இப்பம் காடு முழுக்க பெருகி கெடக்கு. வெளிநாட்டு மிருகம்ங்கறதால அங்க அதுக்கு சீசன் கட்டுப்பாடு கிடையாது, லைசென்ஸும் நிலத்துக்காரர் சம்மதமும் இருந்தா வருஷம் முழுக்க வேட்டையாடலாம். லீவு முடிஞ்சு வா, ஒண்ணு எடுக்கலாம்னு கூப்பிட்டிருக்காரு. ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிச்சாச்சு, லைசென்ஸ் போனதும் எடுக்கணும்.

என்கிட்ட உள்ளது காம்பவுண்ட் வில் (கப்பி வச்சது), இழுக்குற பலம் 55 பவுண்டுல வச்சிருக்கேன், அம்புக்க எடை 400 கிரெய்ன், வேகம் செக் பண்ணுனப்ப செகண்டுக்கு 260 அடி காட்டுச்சு. குறி பாக்குற சைட்ல ஒவ்வொரு தூரத்துக்கும் ஒண்ணா அஞ்சு பின், 20 யார்டுல (ஒரு யார்டு 3 அடி) இருந்து 60 வரை. வில் வாங்குன கடையில 60 யார்டு எல்லாம் இந்த வில்லுக்கு சாதாரணம்னு சொன்னாங்க, யூடியூப்ல பாத்தா 70, 80ன்னு விடுறானுங்க. ரேஞ்சுல எனக்கு 20 யார்டுல பேப்பர் தட்டுக்குள்ள நல்லா போவுது, 30லயும் பெரும்பாலும் போவுது, 40ல ஒண்ணு ரெண்டு வெளிய போயிருது.

எனக்க பயம் என்னன்னா, மானுக்க உடம்புல தப்பான இடத்துல அம்பு ஏறி அது ஓடிப்போயி எங்கயோ கெடந்து நாலு நாள் வேதனைப்பட்டு சாவக்கூடாது, அப்படி ஒண்ணு நடந்தா எனக்கு தூக்கம் வராது. அதனாலதான் போறதுக்கு முன்னாலயே தூரத்த முடிவு பண்ணணும்னு நெனைக்கேன். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, மனசாட்சிக்கு ஒத்த தூரம் எவ்வளவு?

புலியூர்க்குறிச்சி:
20 யார்டு. முதல் மான் எடுக்குற வரைக்கும் 20க்கு மேல யோசிக்கவே வேண்டாம். மத்த பின்ன சைட்ல இருந்து கழத்தி வச்சாலும் நல்லதுதான்.

ஹில்கன்ட்ரி_அண்ணாச்சி:
தம்பி, நான் நாகர்கோவில்காரன்தான், இப்பம் பல வருஷமா கெர்வில் பக்கம் இருக்கேன், ஆக்சிஸ் பின்னால நெறய நடந்திருக்கேன், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்லுதேன்.

முதல்ல வில்லுக்க பலத்த பத்தி கவலப்படாத. 400 கிரெய்ன் அம்பு 260 அடி வேகத்துல போனா சுமார் 60 ஃபுட் பவுண்டு எனர்ஜி இருக்கு, மானுக்கு அது தாராளம், 60 யார்டுலயும் அது மானுக்க உள்ள போவும். கடைக்காரங்க சொல்லுறது அந்த அர்த்தத்துல சரிதான். ஆனா நீ கேக்குறது வில்லால முடியுமான்னு இல்லல்லா, அம்பு போய் சேரும்போது மான் அதே இடத்துல நிக்குமான்னு. அங்கதான் விஷயமே இருக்கு.

சத்தம் செகண்டுக்கு சுமார் 1125 அடி போவுது, உனக்க அம்பு 260 அடி. அப்பம் நீ ரிலீஸ் விட்டதும் வில்லு சத்தம் அம்புக்கு ரொம்ப முன்னாலயே மான் காதுக்கு போயிரும். சத்தம் கேட்டதும் மான் ஓடுறதுக்கு முன்னால என்ன செய்யும்னா, துள்ளுறதுக்கு கால மடக்கி உடம்ப கீழ எறக்கும், அப்படி எறங்குன நேரத்துல அம்பு முதுகுக்கு மேல போவும் இல்லன்னா முதுகுத்தண்டு பக்கத்துல சதையில ஏறும். ஸ்ட்ரிங் ஜம்ப்னு இதத்தான் சொல்லுவாங்க.

கணக்கு போட்டு பாரு. 20 யார்டுன்னா 60 அடி, உனக்க அம்பு போக 0.23 செகண்டு, சத்தம் போக 0.05, மிச்சம் மான் கையில 0.18 செகண்டு. 30 யார்டுல மிச்சம் 0.27, 40 யார்டுல 0.36, 60 யார்டுல அர செகண்டுக்கு மேல. இப்பம் மானுக்கு சத்தம் கேட்டு உடம்பு அசையத் தொடங்க ஒரு 0.1 செகண்டு ஆவுதுன்னு வச்சுக்கோ, கால மடக்குனா உடம்பு பூமி இழுக்குற வேகத்துலதான விழும், அந்த கணக்குப்படி 20 யார்டுல அம்பு வந்து சேரும்போது மான் எறங்குனது சுமார் 3 சென்டிமீட்டர், 30 யார்டுல 14 சென்டிமீட்டர், 40 யார்டுல 33 சென்டிமீட்டர். மானுக்க நெஞ்சுல நுரையீரலும் இதயமும் சேந்து இருக்குற இடம் சுமார் 8 இஞ்ச் வட்டம், அதாவது 20 சென்டிமீட்டர். நீ நடுவுல குறி வச்சா மேல 10, கீழ 10. இந்த கணக்குப்படி 20 யார்டுல மான் எறங்குனாலும் அம்பு உள்ளதான் ஏறும், 30லயே வெளிய போவ ஆரம்பிச்சிரும், 40ல உனக்க கை எவ்வளவு நல்ல கைன்னாலும் மான் தீர்மானிக்குறதுதான்.

எல்லா மானும் எல்லா நேரமும் இப்படி எறங்காது, அமைதியா மேயுறது பல நேரம் அசையவே செய்யாது. ஆனா ஆக்சிஸ் வந்து வைட்டெயில்ங்கற அந்த ஊரு மான் மாதிரி இல்ல கேட்டியா, ரொம்ப படபடப்பான சாதி, கூட்டமா நிக்கும், எந்த பக்கம் பாத்தாலும் ரெண்டு கண்ணு உன்னய பாத்துக்கிட்டிருக்கும், ஒண்ணு குரல் குடுத்தா மொத்த கூட்டமும் விறைச்சு நிக்கும். தலைய தூக்கி காத விடைச்சு உன் பக்கம் பாத்துக்கிட்டு நிக்குற ஆக்சிஸ் மேல 20 யார்டுல கூட நான் விட மாட்டேன்.

இன்னொண்ணு, கூட்டமா நிக்குறதால உனக்க மானுக்கு பின்னால இன்னொண்ணு நிக்கும். அம்பு முன்னால உள்ளதத் தாண்டி பின்னால உள்ளதுலயும் ஏறும். பின்னால காலியா இருக்குற வரைக்கும் காத்திரு, அப்படி காத்திருந்து கூட்டம் போயிட்டா போவட்டும்.

வடசேரி_ரிகர்வ்:
அண்ணாச்சி சொன்ன கணக்கு சூப்பர், ஆனா எனக்கு கொஞ்சம் மாறுபட்ட கருத்து இருக்கு, நான் வேட்டைக்காரன் இல்ல டார்கெட் ஆர்ச்சரி பண்ணுறவன், அந்த பக்கத்துல இருந்து சொல்றேன்.

ரிகர்வ்ல (கப்பி இல்லாத, நுனி முன்பக்கம் வளஞ்ச வில்லு) நாங்க 70 மீட்டர்ல விடுறோம், டார்கெட் 122 சென்டிமீட்டர், நடுவுல உள்ள மஞ்சள் வட்டம் 24.4 சென்டிமீட்டர், அதாவது அண்ணாச்சி சொன்ன மான் நெஞ்சு வட்டத்த விட கொஞ்சம்தான் பெருசு. நல்ல ஆர்ச்சர் 70 மீட்டர்ல மஞ்சளுக்குள்ள தொடர்ந்து போடுவான். காம்பவுண்ட் காரங்க 50 மீட்டர்ல 8 சென்டிமீட்டர் உள்ள பத்துப் புள்ளி வட்டத்துக்குள்ள போடுறாங்க. அதனால 20 யார்டு தான் எல்லாருக்கும் சட்டம்னு சொல்றது சரியா படல, திறமை ஆளுக்கு ஆள் மாறும், கருங்கல் நண்பர் நல்லா பிராக்டிஸ் பண்ணுனா 30, 35 ஏன் கூடாது? குறிப்பா அசையாம மேயுற மான்னா?

ஆனா பிராக்டிஸ் பண்ணுற முறை பத்தி ஒண்ணு சொல்லணும். ரேஞ்சுல போய் வார்ம் அப் ஆகி பத்து பதினஞ்சு அம்பு விட்ட பிறகு வர்ற குரூப்ப (அம்பு எல்லாம் எவ்வளவு நெருக்கமா குத்துதுங்குறத) பாத்து உங்க தூரத்த முடிவு பண்ணாதீங்க. வேட்டையில உங்களுக்கு கெடைக்கப்போறது ஒரே ஒரு அம்பு, அதுவும் மணிக்கணக்கா அசையாம உக்காந்து தோள் எல்லாம் விறைச்சுப்போன பிறகு. அதனால காலையில எழுந்து டீ குடிக்குறதுக்கு முன்னால ஒரே ஒரு அம்பு விடுங்க, எடுத்து வச்சிடுங்க. மறுநாளும் அதே மாதிரி. அந்த முதல் அம்பு எங்க போகுதுங்குறத மட்டும் ஒரு மாசம் எழுதி வைங்க. அதுதான் உங்க உண்மையான குரூப். அத 20 யார்டுலயும் 30 யார்டுலயும் தனித்தனியா பாருங்க. அந்த அம்பு எல்லாமே 6 இஞ்ச் வட்டத்துக்குள்ள இருக்குற தூரம்தான் உங்க தூரம். 8 இஞ்ச்னு வைக்காதீங்க, மான் முன்னால நிக்கும்போது கை நடுங்கும், அதுக்கு இடம் விட்டு வைக்கணும்.

ஹில்கன்ட்ரி_அண்ணாச்சி:
வடசேரி தம்பி, முதல் அம்பு விஷயம் ரொம்ப சரி, அத நான் சொல்ல விட்டுப்போச்சு. ஆனா திறமை இருந்தா 35 ஏன் கூடாதுங்குற இடத்துல மாட்டேன்னுதான் சொல்லுவேன். உங்க 70 மீட்டர் டார்கெட்டு அம்பு வர்ற சத்தம் கேட்டு குனியாதுல்லா. உங்க ரிகர்வ் அம்பு செகண்டுக்கு 200 அடி போவுதுன்னு வச்சா 70 மீட்டருக்கு ஒரு செகண்டுக்கு மேல ஆவும், அந்த ஒரு செகண்டுல மான் குனியாட்டியும் சும்மா மேஞ்சுக்கிட்டே ஒரு எட்டு எடுத்து வச்சாலே போதும், நெஞ்சுல விட்டது வயித்துல ஏறும். திறமை கூட கூட உனக்க பக்கத்து பிழை குறையும், மான் கையில உள்ள நேரம் குறையாது. அத குறைக்க ஒரே வழி கிட்ட போறது.

தூரத்த கணிக்குறதுலயும் பிழை வரும், அதயும் சேத்துக்கோங்க. கருங்கல் தம்பிக்க வில்லுல 20 யார்டுன்னு நெனச்சு விட்டது உண்மையில 25ஆ இருந்தா அம்பு சுமார் 3 இஞ்ச் கீழ போவும், அப்பவும் நெஞ்சுக்குள்ளதான். 40ன்னு நெனச்சது 45ஆ இருந்தா சுமார் 6 இஞ்ச் கீழ, அது மார்பெலும்புக்கு அடியில தோலக் கிழிச்சுட்டு போவும் இல்லன்னா முன்னங்கால ஒடைக்கும். தூரம் அளக்குற ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கே அளந்துக்கிடலாமேன்னு தோணும், அளந்து கீழ வச்சு வில்ல இழுக்குறதுக்குள்ள மான் நாலு எட்டு நடந்திருக்கும். அதனாலதான் முன்கூட்டியே அளந்து வைக்கணும்.

மாட்டாஸ்பத்திரி:
நான் கால்நடைத்துறையில வேலை பாக்கேன், வில்லு பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா உடம்பு பத்தி சொல்லலாம். மேல எல்லாரும் 8 இஞ்ச் வட்டம்னு பேசிக்கிட்டு இருக்கீங்க, அந்த வட்டம் எங்க இருக்குங்குறது யாரும் சொல்லல. தூரத்த விட அதுதான் முக்கியம்னு எனக்கு படுது.

புள்ளிமானும் ஆடும் உள்ளமைப்புல பெரிய வித்தியாசம் இல்ல. லீவுல ஊருல நிக்கீங்கல்லா, ஞாயித்துக்கிழமை காலையில தெரிஞ்ச ஆட்டுக்கறி கடையில போய் ஆடு உரிச்சு தொங்கவிட்டிருக்கும்போது கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. முன்சப்பை எலும்பு எங்க முடியுது, விலா எங்க ஆரம்பிக்குது, நுரையீரல் எவ்வளவு முன்னால இருக்கு, அதுக்கு பின்னால உதரவிதானத்த ஒட்டி ஈரல், அதுக்கும் பின்னால இரைப்பையும் குடலும். நாலு அறை இரைப்பை உள்ள மிருகம், வயிறு ரொம்ப பெருசு, இடது பக்கம் முழுக்க அதுதான். படத்துல பாத்தா நெஞ்சு நடுவுலன்னு நெனைப்பீங்க, உண்மையில முன்னங்கால் முட்டிக்கு மேல, முழங்கைன்னு சொல்லுவமே அந்த மடிப்புக்கு கொஞ்சம் மேலயும் பின்னாலயும்தான் இதயமும் நுரையீரலும். அதுக்கு நாலு விரக்கட பின்னால போனா ஈரல், இன்னும் பின்னால போனா வயிறு.

அதனால மிருகம் எந்த கோணத்துல நிக்குதுங்குறது ரொம்ப முக்கியம். முழுசா பக்கவாட்டுல நிக்கும்போது ரெண்டு நுரையீரலும் ஒரே நேர்கோட்டுல வரும். கொஞ்சம் நமக்கு அப்பால திரும்பி நின்னாலும் பரவால்ல, அப்பம் குறிய கொஞ்சம் பின்னால வச்சு எதிர்பக்க முன்னங்கால நோக்கி போற மாதிரி நெனைக்கணும். நம்மள பாத்து திரும்பி நின்னா சப்பை எலும்பும் மூட்டும் குறுக்க வரும், ஒரு நுரையீரல் மட்டும்தான் அடிபடும், ஒத்த நுரையீரலோட மிருகம் ரொம்ப தூரம் போகும், சிலது பொழைச்சும் கெடக்கும். நேர் முன்னாலயும் நேர் பின்னாலயும் விடவே கூடாது.

அம்பு துப்பாக்கி குண்டு மாதிரி அதிர்ச்சியில கொல்லாது, வெட்டி ரத்தம் போயிதான் உயிர் போகும். ரெண்டு நுரையீரலும் வெட்டுப்பட்டா சில செகண்டுல மயங்கி விழுந்திரும், அதுக்குத்தான் அம்பு முனையில உள்ள பிளேடு சவரம் பண்ணுற அளவு கூரா இருக்கணும்.

இன்னொரு யோசனை. கருங்கல்ல இருந்து தக்கலை எவ்வளவு தூரம், உதயகிரி கோட்டைக்கு போங்க. அங்க வனத்துறை பூங்காவுல புள்ளிமான் உண்டு. வேலிக்கு வெளிய நின்னு ஒரு மணி நேரம் பாத்துக்கிட்டே இருங்க. எப்பம் பக்கவாட்டுல நிக்குது, முன்னங்கால முன்னால எடுத்து வைக்கும்போது விலா எப்படி திறக்குது, யாராவது பிள்ளைங்க கத்துனா எவ்வளவு சீக்கிரம் தலைய தூக்குது, அதெல்லாம் கண்ணுக்கு பழகணும். நீங்க வேட்டையாடப்போறது இதே மிருகத்தத்தான.

கருங்கல்காரன்:
அண்ணாச்சி, வடசேரி நண்பரே, சார், ரொம்ப நன்றி. உதயகிரி கோட்டைக்கு சின்னதுல போனது, இந்த வாரமே போறேன். ஆட்டுக்கறி கடையும் தெரிஞ்ச ஆளுதான், கேட்டா நிக்க விடுவாரு.

சந்தேகம் ஒண்ணு. ராஞ்சுல மரத்துல ஏறி உக்காருறதுக்கு ஸ்டாண்ட் கட்டி வச்சிருக்காரு, சுமார் 18 அடி உயரம். அப்பம் தூரக்கணக்கு மாறுமா?

ஹில்கன்ட்ரி_அண்ணாச்சி:
18 அடிக்கு தூரம் பெருசா மாறாது. 20 யார்டுல மான் நின்னா மேல இருந்து சரிவா அளந்தா 21 யார்டு கூட வராது. மாறுறது கோணம். மான் மரத்தடிக்கு கிட்ட வர வர நீ மேல இருந்து செங்குத்தா பாப்ப, அப்பம் முதுகுதான் தெரியும், சார் சொன்னாருல்லா ரெண்டு நுரையீரலும் ஒரே கோட்டுல வரணும்னு, அது வராது, ஒண்ணுல ஏறி வயித்து வழியா எறங்கும். அதனால உனக்கு வெளி எல்லை 20ன்னா உள் எல்லையும் ஒண்ணு உண்டு, ஒரு 8, 10 யார்டுக்குள்ள நேர் கீழ நின்னா விடாத, அது நடந்து வெளிய போவட்டும். மேல இருந்து விடும்போது கைய மட்டும் தாழ்த்தாத, இடுப்புல இருந்து குனியணும், இல்லன்னா அம்பு மேல போவும். பெல்ட் போடாம மரத்துல ஏறவே ஏறாத, அதுல எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம்.

போறதுக்கு முன்னால பிராட்ஹெட் (வேட்டைக்குள்ள பிளேடு வச்ச அம்பு முனை) போட்டே பழகு. பயிற்சி முனையில நேரா போற அம்பு பிராட்ஹெட் போட்டா நாலு இஞ்ச் தள்ளிப்போறது சாதாரணம், வில்ல டியூன் பண்ணணும். 55 பவுண்டுக்கு விரியுற மெக்கானிக்கல் வேண்டாம், நிலையான பிளேடு போதும், நல்லா உள்ள எறங்கும்.

சுசீந்திரம்_அக்கா:
தம்பி கோவப்படாம கேளு. இவ்வளவு கணக்கு போட்டு, இவ்வளவு பயந்து, எதுக்கு அந்த உயிர கொல்லணும்? கடையில கறி கெடைக்காமலா இருக்கு? உனக்கு ஆசை வில்லு மேலன்னா டார்கெட்டுல விடலாமே. எனக்கு உண்மையாவே புரியல, அதனாலதான் கேக்கேன். அப்புறம் நீ எவ்வளவு கவனமா இருந்தாலும் தப்பா பட்டுட்டா அந்த மானுக்கு என்ன ஆவும், அத யாரும் இஞ்ச பேசவே இல்ல.

கருங்கல்காரன்:
அக்கா கோவம் எதுக்கு, நியாயமான கேள்வி. நான் கறி தின்னுறவன், அத மறைக்க ஒண்ணும் இல்ல. கடையில வாங்குற கறியில அந்த உயிர் எப்படி செத்துச்சுன்னு நான் பாக்குறதே இல்ல, ஒரு தடவையாவது அந்த பொறுப்ப நான் முழுசா எடுத்துக்கிடணும்னு தோணுது. ஆக்சிஸ் அங்க சொந்த மிருகமும் இல்ல, புல்லு தீந்தா செடி கொழைன்னு திங்கும், அப்பம் அங்கத்திய வைட்டெயில் மானுக்கு தீனி போட்டி வருது, அதனால ராஞ்சுக்காரங்க எப்படியும் குறைக்கத்தான் செய்வாங்க. எடுத்தா முழுசும் சமைச்சு தின்னுவோம், கொம்புக்கு வேண்டி இல்ல. இவ்வளவும் சொன்ன பிறகும் நீங்க வேண்டாம்னு சொன்னா அதயும் மதிக்கேன்.

தப்பா பட்டா என்ன செய்யுறதுன்னு எனக்கும் தெரியணும். அண்ணாச்சி சொல்லுங்க.

ஹில்கன்ட்ரி_அண்ணாச்சி:
அக்கா கேட்டது ரொம்ப முக்கியமான கேள்வி, தூரத்த பத்தி பேசுறதே அதுக்காகத்தான்.

அம்பு விட்டதும் எறங்கி ஓடாத. மான் எந்த மரத்துக்கிட்ட மறைஞ்சுதுன்னு மனசுல குறிச்சுக்கோ, அப்படியே இரு. நுரையீரல்ல பட்டிருந்தாலும் அர மணி நேரம் கழிச்சுதான் எறங்கணும். முதல்ல அம்ப தேடி பாரு. இளஞ்சிவப்பா நுரை நுரையா ரத்தம் இருந்தா நுரையீரல், மான் பெரும்பாலும் நூறு யார்டுக்குள்ள கெடக்கும். கருஞ்சிவப்பா இருந்தா ஈரல், நாலு அஞ்சு மணி நேரமாவது விடணும். அம்புல பச்சையா பிசுபிசுப்பா நாத்தமா இருந்தா வயிறு, எட்டு மணி நேரம், முடிஞ்சா பன்னெண்டு மணி நேரம் கழிச்சுதான் தேடணும். உடனே போனா அடிபட்ட மான் எழுந்து இன்னும் மைல் கணக்கா ஓடும், ரத்தமும் சொட்டாது, கெடைக்கவே கெடைக்காது. விட்டா அது கிட்டத்துலயே எங்கயாவது படுத்துரும்.

டெக்சாஸ்ல இதுல ஒரு கொடுமை உண்டு. வெயில். எட்டு மணி நேரம் காத்திருந்தா மான் கெடைச்சாலும் கறி கெட்டுப்போவும். காத்திருக்காட்டா மானே கெடைக்காது. ஹில் கன்ட்ரி தரை சுண்ணாம்புப்பாறை, ரத்தம் பட்டா வெயில்ல காஞ்சு கருத்து கல்லோட கல்லாயிரும், சீடர் புதர் வேற அடர்த்தியா நிக்கும். வயித்துல பட்ட மான அங்க தேடுறது எவ்வளவு கஷ்டம்னு தேடுனவனுக்குத்தான் தெரியும். கெடைக்குற வரைக்கும் தேடணும், மறுநாள் வேலைக்கு லீவு போட்டாவது தேடணும், தடம் பிடிக்குற நாய் வச்சிருக்குறவங்க உண்டு, அவங்கள கூப்பிடணும். அத செய்ய மனசு இல்லாதவன் வில்ல எடுக்கவே கூடாதுன்னு நான் நெனைக்கேன்.

அக்காவுக்கு ஒளிக்காம சொல்லுதேன், 20 யார்டுலயும் தப்பு நடக்காதுன்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாது. தப்பு நடக்குற வாய்ப்ப நம்மளால எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவும் குறைக்கணும், அதுல பாதி தூரத்துலதான் இருக்கு.

சுசீந்திரம்_அக்கா:
மறைக்காம சொன்னதுக்கு நன்றி அண்ணாச்சி. எனக்கு இப்பவும் மனசு ஒப்பல, ஆனா தம்பி பயப்படுறது நல்ல பயம். அந்த பயம் போவாம பாத்துக்கோ தம்பி.

கீரிப்பாறை:
இந்த பேச்ச படிச்சுட்டு நம்ம ஊருல யாரும் வில்ல தூக்கிட்டு காட்டுக்குள்ள போயிராண்டாம், அதுக்குத்தான் எழுதுதேன். இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி வேட்டை தடை, துப்பாக்கின்னாலும் வில்லுன்னாலும் கண்ணின்னாலும் ஒண்ணுதான். நம்ம மாவட்டத்துல சுமார் 400 சதுர கிலோமீட்டர் காடு 2008ல இருந்து கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம், பேச்சிப்பாறை, கோதையாறு, கீரிப்பாறை பக்கம் இருக்குறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். பன்னி தோட்டத்துல எறங்கி மரச்சீனிய தோண்டுதுன்னா வனத்துறையிலதான் சொல்லணும், நாமளா ஒண்ணும் செய்யாண்டாம்.

கருங்கல் தம்பிக்கு தனியா ஒண்ணு. அங்க எடுத்த மானுக்க கொம்போ தோலோ நினைவுக்குன்னு ஊருக்கு கொண்டு வந்துராதீங்க. இஞ்ச புள்ளிமான் பாதுகாக்கப்பட்ட மிருகம், வீட்டுல கொம்பு இருந்தா எங்க இருந்து வந்துதுன்னு நிரூபிக்குறதுக்குள்ள படாதபாடு பட்டுருவீங்க. ஃபோட்டோ கூட ஊர் குரூப்ல போடாண்டாம், பாக்குறவன் இஞ்ச எடுத்ததுன்னுதான் நெனைப்பான்.

வடசேரி_ரிகர்வ்:
அண்ணாச்சி நேர கணக்க திரும்ப போட்டுப்பாத்தேன், நான் சொன்ன 35 தப்பு, டார்கெட் கண்ணோட பாத்துட்டேன். ஆனா முதல் அம்பு பயிற்சிய 30லயும் பண்ணுங்க, விடுறதுக்கு இல்ல, 30ல பழகுனா 20 சுலபமா தெரியும். உக்காந்தபடி, ஜாக்கெட் போட்டு, முடிஞ்சா மொட்டை மாடி மாதிரி உயரத்துல இருந்து கீழ விட்டு பழகுங்க. மாடியில இருந்து விடும்போது டார்கெட் பின்னால மண் மேடு இருக்கணும், ஆள் நடமாட்டம் இருக்குற பக்கம் வேண்டவே வேண்டாம்.

கருங்கல்காரன்:
20ன்னு முடிவு பண்ணிட்டேன். கடைசியா ஒண்ணே ஒண்ணு. நல்ல மான், பக்கவாட்டுல, தலைய குனிஞ்சு அமைதியா மேயுது, பின்னால ஒண்ணும் இல்ல, ஆனா 26 யார்டு. அப்பம்? அந்த நேரத்துல எனக்க மனசு 6 யார்டுதானேன்னு சொல்லும்னு எனக்கே தெரியும், அதான் இப்பமே கேக்கேன்.

ஹில்கன்ட்ரி_அண்ணாச்சி:
விடாத. 26ல விட்டா அடுத்த தடவ 32ல அதே 6 யார்டுதானேன்னு தோணும். அங்க உக்காந்து முடிவு எடுக்க வேண்டாம், நெஞ்சு படபடக்குற நேரத்துல எடுக்குற முடிவு நல்லா இருக்காது.

இப்படி செய். விடியுறதுக்கு முன்னால போய் ஏறாத, முந்தின நாள் மத்தியானமே ராஞ்சுக்கு போயிரு. ஸ்டாண்டுல ஏறி உக்காந்து ரேஞ்ச்ஃபைண்டர் வச்சு சுத்தி அள, 20 யார்டு வர்ற இடத்துல எல்லாம் நண்பர வச்சு ஒரு வெள்ளக்கல்லு போடச் சொல்லு, அங்க கல்லுக்கு பஞ்சமே இல்ல. கல்லுக்கு உள்ள வந்தா மட்டும் வில்ல இழு, வெளிய நின்னா வில்லு கொக்கியிலயே தொங்கட்டும். மான் நடந்து வர்ற தடம் கல்லுக்கு வெளியதான் போவுதுன்னா ஸ்டாண்ட் இருக்குற மரம் தப்பு, தூரத்த கூட்டாத, நண்பர்கிட்ட சொல்லி ஸ்டாண்ட மாத்திக் கட்டச் சொல்லு. காத்து எந்த பக்கம் அடிக்குதுன்னும் அப்பமே பாத்துரு, உனக்க வாசம் தடத்து மேல போனா ஒண்ணுகூட கிட்ட வராது.

கெர்வில்ல இருந்து உனக்க ராஞ்ச் எவ்வளவு தூரம்னு இன்பாக்ஸ்ல சொல்லு, கிட்டன்னா ஸ்டாண்ட் பாக்க நானும் வாரேன்.